பந்தும் வட்டம்தானா, டீச்சர்?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து எடுக்கிறேன். மொத்தம் 22 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள், மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். கனவடிவங்கள் பாடத்தை நடத்தி முடித்துவிட்டேன். "கனசதுரத்துக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை" என்று ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். சோப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து விளிம்புகளை எண்ணச் சொன்னால் ஒருவன் 9 என்கிறான், ஒருத்தி 15 என்கிறாள். பந்தைக் காட்டினால் வட்டம், பகடையைக் காட்டினால் சதுரம். கூம்பைத் தலைகீழாகப் பிடித்தால் அது கூம்பே இல்லையாம். சார்ட் மாட்டியிருக்கிறேன், கரும்பலகையிலும் வரைந்து காட்டினேன். இதற்கிடையில் உருளைக்கு எத்தனை முகம் என்பதில் எனக்கே குழப்பம். ஒரு புத்தகத்தில் 2, இன்னொன்றில் 3. செலவு செய்ய வசதியில்லை, மழையில் வெளியே கூட்டிப்போகவும் முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பந்தை வட்டம் என்று சொன்னதில் பிள்ளைகளின் தவறு பாதிதான். கரும்பலகையில் பந்து என்று நீங்கள் வரைந்தது வட்டம்தானே! பகடையைச் சாய்வாக வரையும்போதும் அப்படித்தான். முன்னால் தெரிகிற ஒரு முகம் மட்டும் சதுரம், மேலேயும் பக்கவாட்டிலும் தெரிகிற இரண்டும் கோணலான நாற்கரங்கள், மீதி மூன்று முகங்கள் படத்திலேயே கிடையாது. பின்னால் மூன்று ஒளிந்திருக்கின்றன என்று ஊகிக்க வேண்டுமானால், அந்தப் பொருளைக் கையில் வைத்துப் பலமுறை புரட்டிப் பார்த்த பழக்கம் முன்பே இருக்க வேண்டும். படம் அந்தப் பழக்கத்தை நினைவூட்டும், உண்டாக்காது. ஆகவே சார்ட்டை இரண்டு வாரத்துக்குக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். (சுருட்டிய சார்ட் ஓர் உருளை, அந்த அளவுக்கு அது உடனே பயன்படும்.)

நம் பாட வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் வட்டம், சதுரம், முக்கோணம். பிறகு கோளம், கனசதுரம், கூம்பு என்று போகிறோம். குழந்தை உலகத்தில் தொட்டு விளையாடியதெல்லாம் கனப்பொருள்கள். வெறும் சதுரத்தை யாரும் கையில் பிடித்ததில்லை. அட்டையில் வெட்டிய "வட்டம்" என்று நாம் காட்டுவதும் உண்மையில் மிக மெல்லிய உருளை. ஒரு ரூபாய் நாணயம் பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். எனவே திருப்பிப் போடுங்கள்: முதலில் பொருள், அப்புறம் அதன் முகம், முகம் தாளில் விட்ட தடமாக வட்டமும் சதுரமும்.

சொற்களில் இருக்கும் சிக்கலையும் முதலிலேயே பார்த்துவிடலாம். "பக்கம்" என்ற சொல்லை நாம் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். சதுரத்துக்கு 4 பக்கம் என்னும்போது அது கோடு. பெட்டியின் மேல்பக்கம் என்னும்போது அது பரப்பு. புத்தகத்தில் அதுவே தாள். பெட்டிக்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் ஒரு குழந்தை 4 என்றும் இன்னொன்று 6 என்றும் இன்னொன்று 12 என்றும் சொல்லலாம். மூன்றுமே யோசித்துச் சொன்ன பதில்களாக இருக்கும். கனவடிவத்துக்குப் பக்கம் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பரப்புக்கு முகம், இரண்டு முகங்கள் சேரும் கோட்டுக்கு விளிம்பு, விளிம்புகள் கூடும் புள்ளிக்கு முனை. பக்கம் என்பது சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் மட்டும்.

மூலை, முனை இரண்டும் அதேபோல் கலக்கும். வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு பெரிய கனச்செவ்வகத்துக்குள் இருக்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் மூலை, அதையே வெளியே இருந்து தொட்டால் முனை. தரையோடு 4 மூலை, கூரையோடு 4 மூலை என்று அறையை எண்ணச் சொல்லுங்கள். உங்கள் அறையில் மேலே ஓட்டுக்கூரையோ தகரக்கூரையோ சாய்ந்திருந்தால் கணக்கு மாறும், முதலில் நீங்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் உருளை, உருண்டை. பிள்ளைகள் வாயில் கோலிக்குண்டும் லட்டும் உருண்டை. பாடத்தில் டப்பா உருளை. இதற்கு நடுவில் உருளைக்கிழங்கு என்று ஒன்று இருக்கிறது, அது இரண்டும் இல்லை. கிழங்கு விளையும் ஊரில் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். உருளும் என்பதால் வந்த பேர் என்று சொல்லிவிட்டு நகருங்கள். படுக மொழி பேசும் பிள்ளை அந்தப் பொருளுக்கு வீட்டில் என்ன சொல்கிறதோ அதை முதலில் சொல்லட்டும். பாடச் சொல் மூன்றாவது நாள் வந்தால் போதும்.

இனி பொருள்கள். நான்கைந்து பேர் கொண்ட 5 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு எட்டுப் பொருள் என்று 40 சேர்த்தால் போதும். தீப்பெட்டி, சோப்பு அட்டைப்பெட்டி, பற்பசைப் பெட்டி, தேயிலைத்தூள் வரும் அட்டைப்பெட்டி, டார்ச் பேட்டரி, மூடியுள்ள தகர டப்பா, கோலிக்குண்டு, லுடோ பகடை எல்லாம் வீட்டிலிருந்தே வந்துவிடும். கூம்பு மட்டும் கடையில் கிடைக்காது, செய்ய வேண்டும். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை அட்டையில் வரைந்து பாதியாக வெட்டுங்கள். அரை வட்டத்தைச் சுற்றி நேர்விளிம்புகளை ஒட்டினால் அடி ஆரம் 5 செ.மீ. உள்ள கூம்பு வரும். அதே வட்டத்தில் முக்கால் பங்கை எடுத்தால் 7.5 செ.மீ. ஆரத்தில் தட்டையான கூம்பு, கால் பங்கை எடுத்தால் 2.5 செ.மீ. ஆரத்தில் ஒல்லியான கூம்பு. மூன்றையும் செய்யுங்கள். அடி முகத்தை வட்டமாக வெட்டி ஒட்டி மூடுவது முக்கியம்; பிறந்தநாள் தொப்பிபோல் திறந்திருந்தால் கூம்புக்குத் தட்டை முகமே இல்லை என்று பதிந்துவிடும்.

தலைகீழாகப் பிடித்தால் கூம்பு இல்லை என்று சொல்வதற்கு இங்கேயே மருந்து இருக்கிறது. 1957-இல் பியர், டீனா வான் ஹீலே என்ற நெதர்லாந்து ஆசிரியத் தம்பதியர் வடிவியல் கற்பதில் படிநிலைகள் இருப்பதை எழுதினார்கள். முதல் படியில் குழந்தை ஒரு வடிவத்தை முழு உருவமாகத்தான் அடையாளம் காண்கிறது. கூம்பு என்றால் "கூர் மேலே இருக்கிற அது". தன்மைகளைக் கொண்டு அடையாளம் காண்பது அடுத்த படி. சார்ட்டில் கூம்பு எப்போதும் ஒரே அளவில், ஒரே நிலையில் நிற்பதால் அந்த நிலையும் கூம்பின் தன்மைகளில் ஒன்று என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. ஒல்லி, தட்டை, படுத்தது, கவிழ்ந்தது என்று பலவற்றைப் பார்த்தால்தான் எது மாறலாம், எது மாறக்கூடாது என்பது பிரியும்.

கூம்பு போலவோ உருளை போலவோ இருந்தும் அப்படி ஆகாதவற்றையும் கூடவே வையுங்கள். இவை இல்லாவிட்டால் பாடம் சப்பென்று இருக்கும். டம்ளர் உருளை அல்ல, வாய் அகலம், அடி குறுகல். வார்ப்பில் செய்த சாக்பீஸும் அப்படியே; அச்சிலிருந்து கழன்று வருவதற்காக ஒரு முனை சற்றுச் சிறுத்திருக்கும். கேரட்டைக் கூம்புக்கு உதாரணமாகப் பல புத்தகங்கள் காட்டும். நம் மலைக் கேரட் பல, கிட்டத்தட்ட ஒரே பருமனாக வந்து நுனியில் மழுங்கி முடிகிறவை, கூம்பைவிட உருளைக்குத்தான் நெருக்கம். பிள்ளைகள் தோட்டத்தில் பிடுங்கியவர்கள், புத்தகத்தை நம்பி நீங்கள் கூம்பு என்றால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

முதல் இரண்டு நாளும் பெயரே வேண்டாம். உருளுமா, சறுக்குமா, அடுக்க முடியுமா என்ற மூன்று கேள்விகள் மட்டும். 60 செ.மீ. நீளப் பலகை ஒன்றின் ஒரு முனைக்கு அடியில் 15 செ.மீ. உயரத்துக்குப் புத்தகம் வையுங்கள். பேட்டரியைக் குறுக்காகப் படுக்க வைத்தால் நேராக உருண்டு வரும். அதையே நிமிர்த்தி வைத்தால் நிற்கும், சறுக்கும் அல்லது தலைகுப்புற விழும், உருளாது. கோலிக்குண்டு எப்படி வைத்தாலும் உருளும். தீப்பெட்டி சறுக்கும், அல்லது நகரவே நகராது. இதில் அடிக்கடி கெடுவது சரிவு. புத்தகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெட்டிகூடப் புரண்டு விழும், "டீச்சர், பெட்டியும் உருளுது" என்பார்கள். ஈரத்தில் ஊறிய பலகையாக இருந்தால் எதுவும் சறுக்காது. முந்தின நாளே சோதித்து வையுங்கள்.

கூம்பையும் டம்ளரையும் பலகையில் விடாதீர்கள். சமதளத் தரையில் படுக்க வைத்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். கூம்பு தன் கூர்முனையையே சுற்றிக்கொண்டு வட்டமடித்துத் திரும்பி வரும். டம்ளர் பெரிய வளைவாகப் போகும். ஏன் நேராகப் போகவில்லை? ஒரு சுற்று உருளும்போது அகன்ற ஓரம் அதிக தூரம் போகிறது, குறுகிய ஓரம் குறைந்த தூரம் போகிறது, அதனால் திரும்பிவிடுகிறது. இரண்டாம் வகுப்புக்கு இந்தக் காரணம் வேண்டாம். நேராகப் போவது உருளை, வளைந்து போவது உருளை இல்லை என்பதே போதும். சாக்பீஸை நீளமான தரையில் உருட்டிப் பார்த்தால் அது மெல்ல விலகுவதைக் கண்டுபிடிப்பவர்கள் மூன்றாம் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

மூன்றாம் நாள் மஞ்சப்பை. பைக்குள் ஒரு பொருளைப் போட்டு, கையை மட்டும் விட்டுத் தடவிச் சொல்ல வேண்டும். முதலில் "என்ன பொருள்" என்று கேட்காதீர்கள், தீப்பெட்டி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "குத்துகிற இடம் இருக்கா? வழவழ என்று வளைந்து போகிற இடம் இருக்கா? தட்டை எத்தனை?" என்று கேளுங்கள். முகம், விளிம்பு, முனை என்ற மூன்று சொல்லும் இங்கே, விரலுக்குத் தட்டுப்படும் நேரத்தில் வரட்டும். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் இதை முதல் பீரியடில் வைக்க வேண்டாம். விறைத்த விரலுக்கு விளிம்பு தெரியாது. வெயில் ஏறிய பிறகு, இடைவேளைக்கு அப்புறம் வையுங்கள்.

இந்தத் தொடு முறை புதிதல்ல. மரியா மாண்டிசோரியின் கருவிகளில் நீல வண்ண மரக் கனவடிவங்கள் பத்து உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி அறியவும், ஒவ்வொன்றின் அடிமுகத்தையும் அதற்குரிய அட்டையில் பொருத்தவும் அவை பயன்படும். அந்த அம்மையார் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை நமக்கு அண்டை மலையான கொடைக்கானலில் தங்கியிருந்தார். மரப்பெட்டி வாங்க வேண்டியதில்லை, மஞ்சப்பையும் டப்பாவும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது தடம். ஒரு தட்டில் கேழ்வரகு மாவை அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, மேலே லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். பொருளை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் ஓரம் கலைந்து செவ்வகம் வேறு ஏதோவாகிவிடும். தீப்பெட்டியை மூன்று விதமாக அழுத்தினால் மூன்று வெவ்வேறு செவ்வகம், பகடையை எப்படி அழுத்தினாலும் ஒரே சதுரம், டப்பாவை நிறுத்தி அழுத்தினால் வட்டம். டப்பாவைப் படுக்க வைத்து மெல்ல உருட்டினால் நீளமான செவ்வகத் தடம் விழும். அந்தச் செவ்வகத்தை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். கோலிக்குண்டு விடுவது சிறு குழி. பந்தின் தடம் வட்டமாக இருக்கிறதே, அப்படியானால் பந்தும் வட்டம்தானே என்று கேட்பார்கள். மாவு பொதபொதவென்று இருப்பதால்தான் குழி. அதே குண்டை மையில் தொட்டுக் கெட்டியான தரையில் வைத்த தாளில் மெல்ல வைத்தால் ஒரு புள்ளிதான் விழும். வட்டத்துக்கும் கோளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் புள்ளி எந்த விளக்கத்தையும்விட நன்றாகச் சொல்லும்.

காய் வெட்டிக் காட்டுவதானால் கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். உருளைக்கிழங்கை 4 செ.மீ. கனசதுரமாகச் செதுக்கி, ஒரு முனையை மட்டும் சீவுங்கள். வெட்டுவாய் முக்கோணமாக இருக்கும். சதுரங்களாலான பொருளுக்குள்ளிருந்து முக்கோணம் வருவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கேரட்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். பீட்ரூட் சாற்றில் தோய்த்துத் தாளில் அச்சுப் போடலாம். வெட்டிய கிழங்கை ஒரு துணியால் ஈரம் ஒற்றி எடுக்காவிட்டால் சாறு தாளில் வழிந்து ஓரம் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட 9-க்கும் 15-க்கும் வருவோம். பிள்ளைக்கு எண்ணத் தெரியாமல் இல்லை. பெட்டியைத் திருப்பும்போது எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பது தொலைந்துபோகிறது. திருப்பாமல் எண்ணினால் கண்ணுக்குத் தெரிவது 9 விளிம்புதான். ஒரு முனையை நேராகப் பார்த்தபடி பெட்டியைப் பிடித்தால் மூன்று விளிம்பு பின்னால் மறைந்திருக்கும். 9 என்றவன் பார்த்ததைச் சரியாக எண்ணியிருக்கிறான், 15 என்றவள் சிலவற்றை இரண்டு முறை எண்ணியிருக்கிறாள். இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம். அவனுக்குப் பெட்டியைத் திருப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும், அவளுக்கு எண்ணியதை அடையாளம் வைக்கத் தெரிய வேண்டும்.

அடையாளம் வைக்க நல்ல வழி, பெட்டியை அவர்களே கட்டுவது. சட்டைப்பெட்டி அட்டை போன்ற மெல்லிய அட்டையில் 8 செ.மீ. சதுரங்கள் ஆறு வெட்டுங்கள். காய்கறி வரும் நெளியட்டை வேண்டாம், அதன் தடிமனால் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விழும். ஒரு சதுரத்தைத் துல்லியமாக வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை வரையுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசி முகம் மூடாது. பேப்பர் டேப்பை 7 செ.மீ. துண்டுகளாக 12 நறுக்கி மேசை ஓரத்தில் வரிசையாக ஒட்டி வையுங்கள். ஒரு விளிம்புக்கு ஒரு துண்டு என்பது சட்டம். பெட்டி மூடியதும் டேப் துண்டும் தீர்ந்திருக்கும். 12 என்ற எண்ணை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்கெனவே இருக்கும் பெட்டியில் எண்ண வேண்டுமானால் முனை ஒவ்வொன்றிலும் ஒரு மாவுப் பொட்டு, முகம் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு, விளிம்பு ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாக் கோடு. எண்ணும் முறையும் வேண்டும்: மேலே 4, கீழே 4, நிற்பது 4. முகங்களை மேல்-கீழ், முன்-பின், இடது-வலது என்று ஜோடி ஜோடியாக. மூன்றாம் வகுப்பில் கெட்டிக்காரர்கள் இருந்தால் ஒன்று கேட்கலாம். ஆறு சதுரத்துக்கும் நான்கு நான்கு பக்கம் என்றால் 24 வர வேண்டுமே, ஏன் 12? ஒட்டும்போது இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒரு விளிம்பானதை டேப் ஒட்டியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

குச்சியும் உருண்டையும் கொண்டு கட்டுவது இதற்கு அடுத்த வேலை. காய்ந்த பட்டாணியைத் தண்ணீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சிகளை அதில் செருகுவது பழைய கிண்டர்கார்டன் முறை. 1837-இல் ஜெர்மனியில் அப்படியொரு பள்ளியைத் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல் காலத்திலிருந்து வருவது. சமவெளியில் எட்டு மணி நேரம் ஊறினால் போதும், மலைக் குளிரில் ராத்திரி முழுக்கப் போட்டு, காலையில் ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு எடுங்கள். சரியாக ஊறாதது குச்சி ஏறும்போது பிளந்துவிடும். தோட்டத்துப் பச்சைப் பட்டாணி வேண்டாம், நசுங்கும். ஊறிய பட்டாணி காயும்போது சுருங்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயாமல் பூசணம் பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் இரண்டு நாள் வைத்தால் தப்பிக்கும். சத்துணவுக்கூடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கனசதுரத்துக்கு 12 குச்சி, 8 பட்டாணி. கட்டி முடித்ததும் அது ஆடும், ஒரு பக்கமாகச் சாயும். பிள்ளைகள் தாங்கள் தப்பாகச் செய்துவிட்டதாக நினைப்பார்கள். தப்பே இல்லை, சதுரத்தின் இயல்பு அது; பக்கங்களின் நீளம் மாறாமலே கோணம் மாறிச் சாய்ந்துவிடும். 6 குச்சி, 4 பட்டாணியில் நான்முகி ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். நான்கு முகமும் முக்கோணம், அசைத்தாலும் அசையாது. மலைச்சரிவில் நிற்கும் மின்கோபுரங்களில் ஏன் அத்தனை குறுக்குக் கம்பிகள் என்று அப்போது கேளுங்கள்.

குச்சிமுனையால் கண்ணுக்கு ஆபத்து, உட்கார்ந்த இடத்திலேயே வேலை நடக்கட்டும். அங்கன்வாடிப் பிள்ளைகள் யாராவது வந்து உட்கார்ந்தால் பட்டாணியும் கோலிக்குண்டும் எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும், வாயில் போட்டுவிடுவார்கள்.

பட்டாணி சரிப்படாவிட்டால் உப்பு மாவு. இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்தால் நம் ஊரில் மாவு விறைத்து வெடிக்கும். இருபது பிள்ளைகளுக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு கிடைக்கும். திறந்து வைத்தால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். மூடி வையுங்கள், பிசுபிசுத்தால் ஒரு கை மைதா தூவிப் பிசையுங்கள். இதில் உருண்டை பிடித்து, பலகையில் உருட்டி உருளையாக்கி, ஒரு முனையை மட்டும் அழுத்தி உருட்டிக் கூம்பாக்கலாம். கனசதுரம்தான் வராது, கொழுக்கட்டை மாதிரி ஆகிவிடும். இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவில் வைத்து எதிரெதிர் முகங்களைச் சேர்த்து அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தினால் வரும். எதிரெதிர் முகங்கள் ஒன்றுக்கொன்று இணை என்பதைக் கை அப்போது கற்றுக்கொள்கிறது.

பெட்டியைப் பிரிப்பது கடைசி வாரம். டேப் ஒட்டிய அதே கனசதுரத்தை எடுத்து, துண்டு துண்டாகப் போகாமல் ஒரே விரிப்பாகத் தரையில் படுக்கும் வரை விளிம்புகளை வெட்டச் சொல்லுங்கள். எந்த விளிம்பில் தொடங்கினாலும் சரியாக 7 வெட்டு ஆகும். ஆறு முகங்களையும் பிடித்து வைக்க 5 இணைப்பு மீதி இருக்கும். ஐந்து குழுவும் வெவ்வேறு விதமாக விரித்திருக்கும், எல்லாமே சரி. கனசதுரத்துக்கு மொத்தம் 11 வித விரிப்புகள் உண்டு. பதினொன்றையும் கண்டுபிடிப்பது ஐந்தாம் வகுப்பு வேலை. இவர்களுக்கு, ஆறு சதுரத்தையும் ஒரே வரிசையில் ஒட்டினால் ஏன் மூடாது என்று மடித்துப் பார்த்தாலே போதும். சோப்புப் பெட்டியைப் பிரிப்பதானால் உள்ளே மடிந்திருக்கும் ஒட்டு மடிப்புகளை முன்பே வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் 6 முகம் 10, 11 ஆகிவிடும். தகர டப்பாவின் காகித லேபிளை நேர்க்கோட்டில் வெட்டி விரித்தால் செவ்வகம். மாவில் டப்பா உருண்டு விட்ட செவ்வகத் தடத்தை அப்போது நினைவூட்டுங்கள்.

உங்கள் உருளைக் குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டு புத்தகமும் தவறில்லை, சொல்லை வெவ்வேறாக வரையறுக்கின்றன. முகம் என்றால் தட்டையாக இருக்க வேண்டும் என்று வைத்தால் உருளைக்கு 2. வளைந்த பரப்பையும் முகமாக எண்ணினால் 3. நீங்கள் ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். "தட்டை முகம் எத்தனை, வளைபரப்பு எத்தனை?" என்று இரண்டாகக் கேளுங்கள். உருளை: தட்டை 2, வளைபரப்பு 1, வளைந்த விளிம்பு 2, முனை இல்லை. கூம்பு: தட்டை 1, வளைபரப்பு 1, வளைந்த விளிம்பு 1, ஓர் உச்சி. கோளம்: வளைபரப்பு 1, வேறொன்றும் இல்லை. தேர்வில் ஒற்றை எண் கேட்டால் உங்கள் பாடநூல் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறதோ அதை எழுதச் சொல்லுங்கள். உங்கள் தெளிவுக்கு மட்டும் ஒன்று: முனைகளையும் முகங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் 2 வரும் என்ற ஆய்லர் விதி, பெட்டி, பட்டகம், பிரமிடு போலத் தட்டை முகங்களால் மூடிய வடிவங்களுக்கானது. கனசதுரத்துக்கு 8 + 6 - 12 = 2. உருளைக்குப் போட்டால் 0 + 3 - 2 = 1 வரும். விதி பொய்க்கவில்லை, உருளை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுங்கள்: "கனசதுரம் வேறு, கனச்செவ்வகம் வேறு." எல்லா முகமும் சதுரமாக அமைந்த கனச்செவ்வகம்தான் கனசதுரம். இப்போது அதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் மேல்வகுப்பில் அழித்து எழுத வேண்டிய ஒன்றை இப்போது எழுதி வைக்கவும் வேண்டாம்.

மழை விட்ட ஒரு நாள், பள்ளி வாசலில் நின்றே பார்க்க நிறைய இருக்கிறது. லைன் வீட்டின் சுவர்ப்பகுதி கனச்செவ்வகம், அதன்மேல் இருபுறமும் சாயும் தகரக்கூரை படுத்திருக்கும் முக்கோணப் பட்டகம்: 5 முகம், 9 விளிம்பு, 6 முனை. பற்பசைப் பெட்டியின்மேல் மடித்த அட்டையை வைத்து வகுப்பிலேயே அந்த வீட்டைக் கட்டலாம். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்தில் பழைய பாணி வீட்டைப் பார்த்த பிள்ளை இருந்தால் அது எந்த வடிவம் என்று கேளுங்கள். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோல் இருக்கும், ஏறக்குறைய அரை உருளை.

கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம், விடுகதை போடச் சொல்லுங்கள். "எனக்கு முனை கிடையாது, தட்டை இரண்டு, படுத்தால் நேராக ஓடுவேன்" என்று ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் பொருளை எடுத்து நீட்ட வேண்டும். தன் விடுகதைக்கு இரண்டு பொருள் பொருந்தினால் இன்னொரு தன்மையைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. "எனக்கு ஆறு முகம்" என்று ஒருத்தி நிறுத்தினால் தீப்பெட்டியும் வரும், பகடையும் வரும். அங்கேதான் அவள் "எல்லாம் ஒரே அளவு" என்று தானாகச் சேர்ப்பாள். படம் வரையச் சொன்னால் பெட்டியைச் சதுரம் சதுரமாக ஒட்டி வரைவார்கள். அந்த வயதுக்கு அது சரியான படம், சிவப்பு மையால் திருத்தாதீர்கள்.

தினம் ஒரு பீரியட் என்றால் இவ்வளவுக்கும் பத்து நாள் ஆகும். அதற்கப்புறம் சார்ட்டைத் திரும்ப மாட்டி, அதிலுள்ள கனசதுரத்தில் எத்தனை முகம் தெரிகிறது, எத்தனை மறைந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். யாராவது எழுந்துபோய்ச் சார்ட்டின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு டேப் ஒட்டிய பெட்டியை இன்னும் இரண்டு நாள் கையில் கொடுத்து வையுங்கள்.